பேஸ்மென்டில் கிடக்கும் பெரிய டிவி: இரண்டில் எதை எடுப்பது?

“அண்ணா, அறுபத்தஞ்சு இன்ச் டிவி ஒண்ணு சும்மாவே தர்றாங்களாம். எடுத்துக்கலாமா?”

வருடத்துக்கு ஒரு முறையாவது எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். நான் இருப்பது நியூஜெர்சியில். இங்கே வீட்டை விற்றுக் கிளம்புகிறவர்கள் பேஸ்மென்டைக் காலி செய்யும்போது ஒரு மூலையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரிய பெட்டி நிற்கும். 2004க்கும் 2012க்கும் நடுவில் இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் கொடுத்து ஆசையாக வாங்கிய, திரையின் பின்பக்கத்திலிருந்து படம் பாய்ச்சும் ரியர் புரொஜெக்‌ஷன் எச்டி டிவி. 2011 ஜனவரியிலிருந்து இந்த மாநிலத்தில் டிவியைக் குப்பையோடு சேர்த்துப் போடக் கூடாது. மறுசுழற்சி மையத்துக்கு நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தூக்குகிற வேலையை உங்கள் தலையில் கட்டத்தான் ‘இலவசம், வந்து எடுத்துக்கொள்ளவும்’ என்று விளம்பரம் போடுகிறார்கள். அதில் தப்பில்லை. கொடுக்கிறவருக்கும் லாபம் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போனால் சரி.

ஒரு பெட்டி கிடைத்தால் குழப்பம் இல்லை. பிடித்தால் எடுக்கலாம், இல்லையென்றால் விடலாம். இரண்டு கிடைக்கும்போதுதான் தலை சுற்றும். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு விளிம்பு, இரண்டும் 65 இன்ச், இரண்டிலும் ‘1080பி’ (படத்தில் 1080 வரி என்று அர்த்தம்) ஸ்டிக்கர். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பெனி பெயரையும் திரை அளவையும் விடுங்கள். உள்ளே வெளிச்சம் எதிலிருந்து வருகிறது, அது தீர்ந்துபோனால் இன்றைக்கும் வாங்க முடியுமா, இந்த இரண்டைப் பாருங்கள்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா

ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற ஹாலில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பகலில் படம் வெளுத்துப்போகும். தரையில் பாய் போட்டு உட்கார்ந்து டிவி பார்க்கும் வீட்டுக்கும் இது ஒத்துவராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சுவரில் மாட்டவும் முடியாது.

இருட்டான பேஸ்மென்ட், ஒரு சோபா, ராத்திரியில் படம், வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் தாராளமாக எடுக்கலாம். சினிமாத் தியேட்டரின் மென்மையில் ஒரு பங்கு இந்தப் பெட்டிகளில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிளாஸ்மாவில் செய்திச் சேனலின் சின்னம் அப்படியே திரையில் பதிந்துவிடும் என்ற பயம் இருந்தது. பல்பு வைத்த ரியர் புரொஜெக்‌ஷனில், குறிப்பாக டிஎல்பி என்ற வகையில் (பின்னால் விளக்குகிறேன்), அந்தக் கவலை கிடையாது.

காசு விஷயத்தில் என் கணக்கு எளிது. பெட்டிக்குப் பூஜ்யம் டாலர். வேன் வாடகை, ஒரு புது பல்பு, இரண்டு நண்பர்களுக்குப் பிரியாணி, அவ்வளவுதான் செலவு. நூறு டாலர் கேட்டால்கூட நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த வகை டிவியை இப்போது யாருமே செய்வதில்லை. சோனி 2007 டிசம்பரிலேயே விலகுவதாகச் சொல்லிவிட்டது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் கடையைக் கட்டியது. ஆக, உங்கள் கைக்கு வருகிற எந்தப் பெட்டியும் பத்து வயதைத் தாண்டியதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

எல்லா ரியர் புரொஜெக்‌ஷனுக்கும் அடிப்படை ஒன்றே. பெட்டிக்குள் ஒரு சின்னப் புரொஜெக்டர் இருக்கும். அது மேலே பாய்ச்சும் படம், பின்பக்கம் சாய்வாக வைத்த பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் முதுகில் விழும். நாம் முன்னாலிருந்து பார்க்கிறோம். புரொஜெக்டர் எந்த ஜாதி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பழைய ஜாதி, மூன்று பிக்சர் ட்யூப் வைத்தது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பீரோ மாதிரி தரையிலேயே நிற்கும். அடியில் சக்கரம் இருக்கும். பெரிய அளவு என்றால் நூறு கிலோவைத் தாண்டும். கறுப்பு நிறம் அற்புதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று ட்யூபின் படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் வழியும். சின்னமும் பதியும். புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது: பேஸ்மென்ட் படிக்கட்டை ஒரு தடவை பாருங்கள், பிறகு முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம்.

அடுத்தது எல்சிடி. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மூன்று எல்சிடி தகடுகள் உள்ளே இருக்கும். பல்பின் வெளிச்சம் மூன்று நிறமாகப் பிரிந்து, ஆளுக்கொரு தகட்டின் வழியாகப் போய் மறுபடி சேரும். நிறம் பளிச்சென்று இருக்கும். கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். இதன் பலவீனம் சூடு. வருடக்கணக்கில் பல்பின் சூட்டையும் ஒளியையும் வாங்கி வாங்கித் தகடும் அதோடு ஒட்டிய மென்படலமும் பழுதாகும். பெரும்பாலும் நீலத்தின் வழியில்தான் முதலில் கெடும். அப்போது படத்தில் மஞ்சள் படரும், இல்லாவிட்டால் நீலக் கறை திட்டுத் திட்டாக வரும். அதற்கு வைத்தியம், உள்ளே இருக்கும் ஒளியியல் தொகுதி மொத்தத்தையும் மாற்றுவதுதான். இன்றைக்கு அது நடக்காத காரியம்.

எல்காஸ் என்று ஒன்று உண்டு. சோனி இதை எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் ஜேவிசி டி-ஐஎல்ஏ என்றும் அழைத்தன. வெளிச்சம் தகட்டை ஊடுருவிப் போகாமல் அதன் மேல் பட்டுத் திரும்பும். புள்ளிகளுக்கு இடையில் கோடே தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் எல்காஸ் பெட்டியில் படம் பார்த்தால் மற்றவை பிடிக்காமல் போய்விடும். நல்ல நிலையில் கிடைப்பதுதான் அபூர்வம். எல்சிடி மாதிரியே இதிலும் நிறத்திட்டு வரும்.

கடைசியாக டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் செய்த சில்லுதான் இதற்கு மூலம். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடிகள் லட்சக்கணக்கில் ஒரு சில்லின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாய்ந்து நிமிரும். டிவிக்குள் ஒரே சில்லுதான் இருப்பதால் மூன்று நிறத்தையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. பல்புக்கு முன்னால் ஒரு வண்ணச் சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி அனுப்பும். நம் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். சிலர் கண் சேர்த்துக்கொள்ளாது. அவர்களுக்குத் திரையில் வானவில் சிதறும்.

புதியவர் எடுப்பதற்கு என் ஓட்டு டிஎல்பிக்கு. கண்ணாடிகள் சூட்டுக்கு மங்குவதில்லை, நிறம் திட்டாவதில்லை. பழுதாகிற பாகங்கள் பல்பு, சக்கரம், விசிறி, பவர் போர்டு என்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு பெரிய நோய் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

மாடல் எண்ணைப் படிக்கும் வித்தை

விளம்பரத்தில் ‘பெரிய டிவி, நன்றாக ஓடுகிறது’ என்றுதான் எழுதியிருப்பார்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடல் எண், தயாரித்த மாதம் இரண்டும் அதில் இருக்கும். பாதி முடிவை வீட்டிலிருந்தபடியே எடுத்துவிடலாம்.

சோனியில் ‘கேபி’ என்று ஆரம்பித்தால் பிக்சர் ட்யூப், ‘கேடிஎஃப்’ என்றால் எல்சிடி, ‘கேடிஎஸ்’ என்றால் எஸ்எக்ஸ்ஆர்டி. மிட்சுபிஷியில் ‘டபிள்யூஎஸ்’ பழைய ட்யூப், ‘டபிள்யூடி’ டிஎல்பி.

சாம்சங் டிஎல்பியில் ‘எச்எல்’லுக்கு அடுத்த எழுத்து வருடத்தைச் சொல்லும்: ஆர் 2005, எஸ் 2006, டி 2007. 2008இல் எண்ணுக்குப் பின்னால் ஏ வரும். எண்ணின் கடைசி இலக்கத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். எச்எல்-ஆர்5667டபிள்யூ, எச்எல்-ஆர்5668டபிள்யூ இரண்டும் 2005இல் வந்த 56 இன்ச் பெட்டிகள். முன்னது 720பி, பின்னது 1080பி. அதேபோல எச்எல்61ஏ650, எச்எல்61ஏ750 இரண்டும் 61 இன்ச், ஒரே வருடம். 650இல் பல்பு, 750இல் எல்இடி. எல்இடி என்றால் மாற்ற வேண்டிய பல்பும் இல்லை, சுற்றுகிற சக்கரமும் இல்லை. சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளே மாறி மாறி எரியும். இந்த இரண்டும் ஒரே நாளில் உங்கள் முன்னால் வந்தால் யோசிக்காமல் 750ஐத் தூக்குங்கள். ஒரே இலக்க வித்தியாசத்தில் கிடைக்கும் லாபம் இது.

1080பி என்ற ஸ்டிக்கரில் ஒரு சூட்சுமம் உண்டு. 2005இல் வந்த பல 1080பி பெட்டிகள் திரையில் 1080பி காட்டும், ஆனால் எச்டிஎம்ஐ வழியாக ‘1080ஐ’ (ஒன்றுவிட்டு ஒரு வரியாக, இரண்டு தவணையில் படம் அனுப்பும் முறை) வரைதான் உள்ளே வாங்கும். அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் சிபிஎஸ்ஸும் என்பிசியும் ஒளிபரப்பியதே 1080ஐயில்தான். இன்றைக்கு நாம் சொருகும் ஸ்ட்ரீமிங் குச்சிகளில் பெரும்பாலானவை 1080பி, இல்லாவிட்டால் 720பி என்றுதான் பேசும். அந்தப் பெட்டிகளில் சொருகினால் 720பிக்கு இறங்கிவிடும். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் உயிர் போகிற வித்தியாசம் இல்லை. ஆனாலும் இரண்டு பெட்டி ஒன்றுபோல இருக்கும்போது 2006க்குப் பிறகு வந்ததை எடுப்பதற்கு இது ஒரு காரணம். எச்டிஎம்ஐயே இல்லாமல் டிவிஐ (படத்தை மட்டும் வாங்கும் பழைய சொருகுவழி) மட்டும் உள்ள பெட்டியும் வரும். மாற்றும் கேபிள் சில டாலரில் கிடைக்கும். ஒலிக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

நேரில் போகும்போது

கிளம்புவதற்கு முன் கொடுப்பவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வரும்வரை தயவுசெய்து டிவியைப் போட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சூடான பெட்டி எல்லாவற்றையும் மறைக்கும். குளிர்ந்த பெட்டியைப் போடும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும்.

கையில் ஒரு டார்ச், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், லேப்டாப். லேப்டாப்பில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் என்று மூன்று படங்களும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு வீடியோவும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் போட்டதும் திரையைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் காதை வைத்துக் கேளுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும்போது மெல்லிய ‘உய்ய்ங்’ சத்தம் வரும்; அது இயல்பு. மிக்ஸியில் காய்ந்த மிளகாய் போட்ட மாதிரி கரகரவென்றால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது. அடுத்து ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு பல்பு பற்றும். முதல் முயற்சியிலேயே பற்றி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் படம் வந்தால் நல்லது. இரண்டு மூன்று தடவை முயன்று, முன்னால் உள்ள சின்ன விளக்கு மினுக்மினுக்கென்று அடித்தால் பல்பு சாகக் கிடக்கிறது, அல்லது பல்பைப் பற்றவைக்கும் பாலஸ்ட் போகிறது. இரண்டில் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பல்புதான் என்று கொடுப்பவர் அடித்துச் சொல்வார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

படம் வந்ததும் வெள்ளையைப் போடுங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒரே வெள்ளையா? எல்சிடி, எல்காஸ் என்றால் மஞ்சள், பச்சை, ஊதாத் திட்டு தெரிகிறதா? தெரிந்தால் விடைபெறுங்கள். பிறகு கறுப்பு. டிஎல்பியில் அந்தப் பெரிய நோய் இங்கேதான் தெரியும்: வெள்ளைப் புள்ளிகள். சில்லின் குட்டிக் கண்ணாடிகள் சாய்ந்தபடியே சிக்கிக்கொண்டால் அந்த இடம் எப்போதும் வெள்ளையாக மின்னும். ஒரு புள்ளி வந்துவிட்டால் அதோடு நிற்பதில்லை. சில மாதங்களில் ராத்திரி வானம் மாதிரி ஆகிவிடும். சில்லை மாற்றிக்கொள்ளலாம் என்று கைத்திறன் உள்ளவர்கள் சொல்வார்கள், மாற்றவும் செய்வார்கள். உங்களுக்கு இது முதல் பெட்டி என்றால் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு உடனே கிளம்பக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் ஓடட்டும். சூடேறிய பிறகு வரும் கோளாறுகள் தனி: படம் மங்குவது, விசிறி அலறுவது, தானாக அணைந்து திரும்பப் போராடுவது. அந்த இருபது நிமிடத்தில் எழுந்து நின்று பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், தரையில் உட்கார்ந்தும் பாருங்கள். இந்தத் திரைகள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விரித்துக் கொடுக்கும். மேலும் கீழும் கஞ்சத்தனம் காட்டும். நின்றால் படம் பாதி இருண்டுவிடும், தரையில் உட்கார்ந்தாலும் அப்படியே. பாய் போடுகிற வீட்டுக்கு ஒத்துவராது என்றேனே, அது இதனால்தான். உங்கள் சோபாவில் உட்காரும்போது கண் திரையின் நடுவுக்கு நேராக வருமா என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிஎல்பி என்றால் வானவில் சோதனையும் உண்டு. கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும்போது பார்வையை இடமிருந்து வலமாகச் சட்டென்று திருப்புங்கள். எழுத்தின் வாலில் சிவப்பு, பச்சை, நீலம் பிரிந்து தெரிந்தால் உங்கள் கண் அந்த ரகம். வீட்டில் எல்லோரும் ஒரே ரகமாக இருக்க மாட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி ஐந்தாவது நிமிடம், “என்னங்க, கண்ணைக் குத்துது, மாத்துங்க” என்றாள். ஆகவே தனியாகப் போகாதீர்கள். தினமும் பார்க்கப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரே மாதிரி இரண்டு பெட்டி: நடந்த கதை

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவனோடு ஒரே சனிக்கிழமை இரண்டு பெட்டி பார்க்கப் போனேன். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் 65 இன்ச் டிஎல்பி, ஒரு வருட வித்தியாசம். முதல் வீட்டில் பெட்டி ஹாலிலேயே இருந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். நாங்கள் போகும்போதே ஓடிக்கொண்டிருந்தது. “சூடாக்கி வைத்திருக்கிறேன்” என்று சிரித்தார் அந்த மனிதர். படம் நன்றாகவே இருந்தது. கறுப்பைப் போட்டேன். இடது மேல் மூலையில் மூன்று புள்ளி.

தம்பி காதருகே வந்து, “அண்ணா, மூணே மூணுதானே, படம் ஓடும்போது தெரியவா போகுது?” என்றான்.

“இன்னைக்கு மூணு” என்றேன்.

இரண்டாவது வீட்டில் பேஸ்மென்ட். பெட்டிமேல் விரல் நீளத்துக்குத் தூசி. திரையின் ஓரத்தில் ஒரு கீறல் வேறு. அணைத்தே வைத்திருந்தார்கள். போட்டோம், நாற்பது விநாடியில் படம் வந்தது, கொஞ்சம் மங்கலாக, மஞ்சளாக. தம்பி முகம் சுண்டிவிட்டது. கறுப்பைப் போட்டோம், ஒரு புள்ளிகூட இல்லை. இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆறிய பிறகு பின்பக்கம் போய் டார்ச் அடித்தேன். பல்புக் கதவின்மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். அதில் வயதான ஒருவரின் நடுங்கும் கையெழுத்தில் இரண்டு தேதிகள்: ஒன்று 2011, ஒன்று 2015. பல்பு மாற்றிய தேதிகள். கடைசிப் பல்பு 2015இல் போட்டது. அதனால்தான் இந்த மங்கல். பெட்டிக்கு வேறு நோய் இல்லை.

“இதை எடு” என்றேன். புதுப் பல்பு போட்டதும் அவன் எனக்கு அனுப்பிய வீடியோவில் படத்தைவிட அவன் கத்தியதுதான் அதிகம்.

மங்கலாக இருப்பது பெரும்பாலும் பல்பு; பல்பை மாற்றலாம். புள்ளி, திட்டு, கறை இவையெல்லாம் படத்தைச் செய்யும் உறுப்பில் வந்தவை. அதை மாற்றுவது புதியவருக்கு ஆகாத வேலை. இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்று தவிக்கும்போது இந்த ஒரு பாகுபாடே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அதற்கப்புறமும் சமமாக நின்றால் எல்இடி உள்ளதை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் பல்பு சுலபமாகக் கிடைக்கும் மாடலை எடுங்கள். திரை அளவு கடைசியில்தான். 65க்கும் 73க்கும் உள்ள வித்தியாசம் படிக்கட்டில்தான் அதிகம் தெரியும்.

பல்பு

வேனில் ஏற்றுவதற்கு முன்பே அந்த மாடலுக்குப் பல்பு கிடைக்கிறதா, என்ன விலை என்று போனில் தேடிப் பார்த்துவிடுங்கள். இரண்டு தினுசு விற்கும். ஒன்று பிளாஸ்டிக் கூட்டோடு வருவது, இன்னொன்று பல்பு மட்டும். முதல்முறை மாற்றுகிறவர்கள் கூட்டோடு வாங்குவது நல்லது. உள்ளே இருக்கும் பல்பு ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்றவர்கள் செய்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெயரில்லாத பல்பு பாதி விலைக்குக் கிடைக்கும். நான் ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கினேன். நான்காவது மாதம் ராத்திரி பத்து மணிக்கு ‘டப்’ என்று வெடித்தது. எரியும்போது இந்தப் பல்புக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம் என்று அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டுக்குள்ளேயே வெடித்ததால் பெருக்கி அள்ளுவதோடு போயிற்று.

நல்ல பல்பு நான்காயிரம், ஐயாயிரம் மணி நேரம் உழைக்கும். தினம் ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டுக்கு இரண்டரை வருடக் கணக்கு.

மாற்றும் முறை: பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ உள்ள கதவின் திருகைக் கழற்றி, கூட்டின் கைப்பிடியைப் பிடித்து நேராக இழுங்கள். புதியதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கருகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். திருகுகளை முழுக்க முடுக்கி, கதவையும் சரியாக மூடுங்கள். கதவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது அழுந்தாவிட்டால் டிவி உயிர் பெறாது. ‘புது பல்பு போட்டும் எரியவில்லை’ என்று எனக்கு வரும் புலம்பல்களில் பாதி இந்தக் கதவுதான். கடைசியாக, மெனுவில் பல்பு மணிக்கணக்கைப் பூஜ்யமாக்குங்கள்.

பழைய பல்பில் பாதரசம் இருக்கிறது. அது குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. கவுன்ட்டியில் ஆபத்தான கழிவு வாங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தூக்கி வந்து வைப்பது

டிஎல்பி பெட்டி பார்க்கப் பெரிதே தவிர உள்ளே பெரும்பகுதி காற்றுதான். 65 இன்ச்சை இரண்டு பேர் தூக்கலாம். நிமிர்த்தியபடியே வேனில் ஏற்றுங்கள். படுக்கவைத்தால் உள்ளே பெரிய கண்ணாடியும் திரையும் அசைந்து நெளிய வாய்ப்பு உண்டு. திரையில் கை ஊன்ற வேண்டாம், கயிறும் குறுக்கே கட்ட வேண்டாம். குளிர்காலம் என்றால் வீட்டுக்குள் வைத்து இரண்டு மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள். உள்ளே ஈரம் பூத்திருக்கும்.

திரையைத் திறந்து உள்ளிருக்கும் கண்ணாடியைத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும். இதில் முன்பக்கமே இருக்கிறது. துணி பட்டால் கீறும். காற்றுத் துளைகளில் உள்ள தூசியை மட்டும் வாக்குவத்தால் இழுத்துவிட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரற்கடை விட்டு வையுங்கள்.

அணைத்த பிறகும் விசிறி ஒன்றிரண்டு நிமிடம் ஓடும். பல்பு ஆறுவதற்காக அது. அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

பட அமைப்பில் ‘டைனமிக்’ என்று இருப்பதை ‘மூவி’ என்று மாற்றுங்கள். ‘டைனமிக்’ கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தது. கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள். முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். மூன்றாம் நாள் பழைய நீல வெள்ளைக்குத் திரும்பினால் உங்களுக்கே பிடிக்காது. ஷார்ப்னஸைக் கீழே இறக்குங்கள். நான் ஏறக்குறைய பூஜ்யத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஆன்டெனா ஒன்று வாங்கிச் சொருகினால் உள்ளூர்ச் சேனல்கள் காசில்லாமல் வரும்; 2007 மார்ச்சுக்குப் பிறகு தயாரித்து விற்பனைக்கு வந்த எல்லா டிவியிலும் அதற்கான டியூனர் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. பெரிய திரை டிவிகளில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது கன்டெய்னரில் போட்டுச் சென்னைக்கு அனுப்பலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது 120 வோல்ட் பெட்டி, இந்த டியூனருக்கு அங்கே வேலை இல்லை, பல்பைத் தேடி அலைய வேண்டும். அனுப்பாதீர்கள், இங்கேயே அடுத்து வருகிற ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், புதுப் பல்பு போட்ட அன்றைக்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, தேதியை எழுதி, பல்புக் கதவின்மேல் ஒட்டிவிடுங்கள். பழைய தேதிகள் ஏதாவது இருந்தால் அவற்றைப் பிய்க்க வேண்டாம், அதற்குக் கீழே ஒட்டுங்கள்.